முதலில் பிக்கோஃபேரட், பிறகு ஆப்-ஆம்ப்

(மின்னணுவியல் மாணவர்களும் இளம் பொறியாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேசர் துடிப்பு ஒன்றை அனுப்பி, அது எதிரே இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் சொல்லும் கருவியில் போக்கும் வரவும் சேர்ந்துவிடுவதால், ஒரு நானோநொடி தவறினால் தூரத்தில் 15 சென்டிமீட்டர் தவறும். 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-1, இதே வேலையை நிலவின் தரைக்கு 100 கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு செய்தது. அதிலிருந்த லேசர் கருவி, 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் நொடிக்குப் பத்துத் துடிப்புகளைக் கீழே அனுப்பியது. ஒரு துடிப்பு போய்வர ஏறத்தாழ 667 மைக்ரோநொடி. அனுப்பிய ஒளியில் திரும்பி வந்து சேர்வது மிக மிகச் சிறிய பங்கு. அதை ஒரு சிலிக்கன் அவலாஞ்ச் டையோடு மின்னோட்டமாக மாற்றியது. அந்த மின்னோட்டத்தை அப்படியே எடுத்துக் கடிகாரத்தை நிறுத்த முடியாது. நடுவில் ஒரு பெருக்கி நின்று அதை வோல்டேஜாக ஆக்கித் தர வேண்டும்.

நிலவுக்குப் போகும் கருவியானாலும், கல்லூரி ஆய்வக மேசையில் கிடக்கும் தூரமானியானாலும், ஃபைபர் வழியே தகவல் வாங்கும் பலகையானாலும் இந்த இடம் பொதுவானது: முன்னால் ஒரு போட்டோடையோடு, பின்னால் ஒரு பெருக்கி. சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரை அந்தப் பெருக்கியை ஒரு நல்ல ஆப்-ஆம்பைக் கொண்டே கட்டலாம். எந்த ஆப்-ஆம்ப் என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள்.

வேகமான ரிசீவர் வேண்டும் என்றதும் பெரும்பாலோர் முதலில் உதிரிபாக விற்பனையாளரின் பட்டியலைத் திறக்கிறார்கள். கெயின்-பேண்ட்வித் என்ற பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறார்கள். மேலே வந்து நிற்பதில் கைக்கு எட்டும் விலையில் இருப்பதை வாங்குகிறார்கள். பலகையில் ஏற்றி மின்சாரம் கொடுத்தால் ஒன்று அது தானாகவே ஊசலாடுகிறது, இல்லையென்றால் இரைச்சலில் சமிக்ஞை மூழ்கிப்போகிறது. வாங்கிய சிப்பில் பழுதில்லை; தேர்ந்தெடுத்த வரிசைதான் தலைகீழாகிவிட்டது. ஆப்-ஆம்பைத் தேர்வு செய்வதற்கு முன்பே, அதன் வாசலில் எத்தனை பிக்கோஃபேரட் உட்கார்ந்திருக்கிறது என்ற கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை ஓர் உண்மையான டையோடிலிருந்து தொடங்கலாம். ஆய்வகங்களில் எளிதாகக் கிடைக்கும் பிபிடபிள்யூ34 என்ற சிலிக்கன் பின் டையோடின் ஒளி வாங்கும் பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர். 900 நானோமீட்டர் அருகில் ஒரு மைக்ரோவாட் ஒளி விழுந்தால் சுமார் 0.6 மைக்ரோஆம்பியர் தரும். ஆனால் அதன் சந்தியில் ஒரு கெபாசிட்டரும் ஒளிந்திருக்கிறது: பின்னோக்கு வோல்டேஜ் எதுவும் கொடுக்காவிட்டால் 70 பிக்கோஃபேரட், 3 வோல்ட் கொடுத்தால் 25. வோல்டேஜ் கூடினால் சந்தியின் இயக்கமில்லாப் பகுதி அகலமாகிறது, கெபாசிடன்ஸ் இறங்குகிறது. பேட்டரியிலிருந்து சில வோல்ட்டை எடுத்து டையோடுக்குத் தலைகீழாகக் கொடுப்பதைவிட மலிவாக வேகம் வாங்க வேறு வழியே கிடையாது.

இந்த டையோடுக்கு நேராக ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரை மாட்டி அதன் மேல் வோல்டேஜைப் பார்த்தால் என்ன ஆகும்? 25 பிக்கோஃபேரட்டும் 10 கிலோஓமும் சேர்ந்து பேண்ட்வித்தை 640 கிலோஹெர்ட்ஸ் அளவில் நிறுத்திவிடும். நானோநொடிகளை அளக்க வேண்டிய இடத்தில் இது எதற்கும் உதவாது. ரெசிஸ்டரைக் குறைத்தால் வேகம் கூடும். ஆனால் சமிக்ஞையும் அதே அளவில் சிறுத்துவிடும்.

ஆப்-ஆம்ப் உள்ளே வருவது இதைத் தீர்ப்பதற்காகத்தான். டையோடை அதன் எதிர் உள்ளீட்டில் இணைத்து, ரெசிஸ்டரை அந்த உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையில் போட்டால், டையோடு தரும் மின்னோட்டம் முழுவதும் ரெசிஸ்டர் வழியாகவே போகும்படி ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டை நகர்த்திக்கொடுக்கிறது. டையோடு இருக்கும் முனையின் வோல்டேஜ் அசையாமல் நிற்கிறது. வோல்டேஜ் அசையாத முனையில் கெபாசிட்டருக்கு மின்னூட்டம் ஏற்ற வேண்டியதில்லை. எனவே அது வேகத்தைத் தடுப்பதில்லை. இதுதான் டிரான்ஸ்இம்பீடன்ஸ் பெருக்கி. வேலை ஒரே வரியில் சொல்லிவிடக்கூடியது: மின்னோட்டம் உள்ளே, வோல்டேஜ் வெளியே, இரண்டுக்கும் இடையிலான விகிதம் அந்த ரெசிஸ்டரின் மதிப்பு.

முனை அசையாமல் நிற்பது ஆப்-ஆம்புக்குள் பெருக்கம் இருக்கும்வரைதான். அதிர்வெண் கூடக் கூட அந்தப் பெருக்கம் கரைந்துகொண்டே போகும். முனை மெல்ல ஆடத் தொடங்கும், கெபாசிடன்ஸ் மறுபடியும் தலைகாட்டும். எந்த அதிர்வெண் வரை தாக்குப்பிடிக்கும் என்பதற்கு அழகான ஒரு வாய்பாடு உண்டு. ஆப்-ஆம்பின் கெயின்-பேண்ட்வித்தை, 2 பை, ஃபீட்பேக் ரெசிஸ்டர், உள்ளீட்டு முனையின் மொத்தக் கெபாசிடன்ஸ் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கிடைப்பதுதான் நன்றாகச் சமன் செய்யப்பட்ட சுற்றின் பேண்ட்வித்.

அந்த வர்க்கமூலத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு மடங்கு வேகமான ஆப்-ஆம்பை வாங்கினால் ரிசீவரின் வேகம் 1.4 மடங்குதான் கூடும். நான்கு மடங்கு வேகமானதை வாங்கினால்தான் இரண்டு மடங்கு. இன்னொரு பக்கம், வகுக்கும் இடத்தில் இருக்கும் கெபாசிடன்ஸை நான்கில் ஒன்றாகக் குறைத்தாலும் அதே இரண்டு மடங்கு கிடைக்கும். அதற்குச் செலவும் குறைவு, இரைச்சலும் குறையும். பட்டியலை அடுக்கி மேலே வந்ததை வாங்குகிறவர், வாய்பாட்டில் இருக்கும் மூன்று எண்களில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்.

எண்களை வைத்தே பார்க்கலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிக்கும் ஓபிஏ657, ஃபெட் உள்ளீடு கொண்டது, கெயின்-பேண்ட்வித் 1.6 கிகாஹெர்ட்ஸ். அதன் உள்ளீட்டிலேயே 5.2 பிக்கோஃபேரட் இருக்கிறது, பலகை சேர்ப்பதை 0.7 என்று வைத்துக்கொள்ளலாம். 3 வோல்ட் கொடுத்த பிபிடபிள்யூ34 உடன் மொத்தம் 31 பிக்கோஃபேரட். 10 கிலோஓம் ரெசிஸ்டருடன் பேண்ட்வித் சுமார் 29 மெகாஹெர்ட்ஸ். 640 கிலோஹெர்ட்ஸிலிருந்து 29 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தது பெரிய தாவல்தான். இப்போது டையோடை மட்டும் மாற்றலாம். ஹமாமட்சுவின் எஸ்5973 வெறும் 0.4 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதன் கெபாசிடன்ஸ் 1.6 பிக்கோஃபேரட். டையோடின் கெபாசிடன்ஸ் பதினாறில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் பேண்ட்வித் 58 மெகாஹெர்ட்ஸுக்குத்தான் ஏறுகிறது. காரணம், மொத்தம் 7.5 பிக்கோஃபேரட்டில் 5.2-ஐ இப்போது ஆப்-ஆம்பே தன் பங்காகக் கொண்டுவந்திருக்கிறது. சிறிய டையோடு வாங்கிய பணத்தில் பெரும்பகுதி வீண்.

அதே நிறுவனத்தின் ஓபிஏ858-க்கு உள்ளீட்டுக் கெபாசிடன்ஸ் 0.8 பிக்கோஃபேரட்தான், கெயின்-பேண்ட்வித் 5.5 கிகாஹெர்ட்ஸ். எஸ்5973 உடன் பலகையையும் சேர்த்தால் மொத்தம் 3 பிக்கோஃபேரட் அளவு. பேண்ட்வித் 170 மெகாஹெர்ட்ஸ். கெயின்-பேண்ட்வித் கூடியதால் வந்த ஏற்றம் 1.85 மடங்கு, உள்ளீட்டுக் கெபாசிடன்ஸ் குறைந்ததால் வந்தது கிட்டத்தட்ட 1.6 மடங்கு. இரண்டும் ஏறக்குறையச் சமமாக வேலை செய்திருக்கின்றன. ஆனால் டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் விளம்பரம் ஆவது முதலாவதுதான். இரண்டாவதைத் தேடிப் பிடிக்க உள்பக்க அட்டவணைக்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான எல்லையில் 741 இருக்கிறது. ஃபேர்சைல்டில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்து 1968-ல் வெளிவந்த அந்தச் சிப், இன்றும் பல பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் முதல் பாடமாக நிற்கிறது. பாடத்துக்கு அது நல்ல சிப். ஆனால் அதன் வெளியீடு ஒரு மைக்ரோநொடிக்கு அரை வோல்ட்தான் ஏறும். ஒரு வோல்ட் ஏறி முடிப்பதற்குள் ஒளி 300 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளைத் தொட்டுத் திரும்பிவிடும். உள்ளீட்டில் 80 நானோஆம்பியர் கசிவும் உண்டு. ஒரு மெகாஓம் ரெசிஸ்டருடன் கட்டினால் ஒளியே இல்லாதபோதும் வெளியீட்டில் 80 மில்லிவோல்ட் உட்கார்ந்திருக்கும்.

வேகத்தை அடுத்து வருவது நிலைத்தன்மை. ஃபீட்பேக் ரெசிஸ்டரும் உள்ளீட்டுக் கெபாசிடன்ஸும் சேர்ந்து திரும்பிவரும் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகின்றன. ஆப்-ஆம்ப் தன் பங்குக்கு 90 டிகிரி தாமதத்தை ஏற்கெனவே வைத்திருக்கிறது. இரண்டும் கூடி 180 டிகிரியை நெருங்கினால், தடுக்க வேண்டிய ஃபீட்பேக் தூண்டிவிடத் தொடங்கும். ஊஞ்சலை நிறுத்தப் போகிறவர் ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று தாமதமாகக் கை வைத்தால் அது நிற்காமல் மேலும் வீசி ஆடுமே, அதே கதைதான். இதற்கு மருந்து, ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு சின்னக் கெபாசிட்டர். ஓபிஏ657, எஸ்5973, 10 கிலோஓம் என்ற சேர்க்கைக்குத் தேவைப்படும் மதிப்பு 0.39 பிக்கோஃபேரட். ஓபிஏ858-ஐப் போட்டால் 0.13 பிக்கோஃபேரட்.

0.13 பிக்கோஃபேரட் என்பது ஏறக்குறைய ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையில் இயற்கையாகவே இருப்பது. மேற்பரப்பில் ஒட்டும் சிறு ரெசிஸ்டர் ஒன்றுக்கு 0.05 முதல் 0.2 பிக்கோஃபேரட் வரை இருக்கும். எனவே பலகையில் தனிக் கெபாசிட்டருக்கு இடம் வைத்துவிட்டு அதைக் காலியாக விடுவதே பல நேரங்களில் சரியான மதிப்பாகிவிடுகிறது. ரெசிஸ்டரின் கெபாசிடன்ஸே அதிகமாகிப் போனால் பழைய கைத்தந்திரம் ஒன்று உண்டு: ஒரு 10 கிலோஓமுக்குப் பதில் இரண்டு 5 கிலோஓமை வரிசையாகப் போடுவது. முனைக்கு முனை கெபாசிடன்ஸ் பாதியாகிவிடும்.

இங்கே இன்னொரு சந்தேகம் மாணவர்களை அடிக்கடி தடுக்கிறது. ஓபிஏ657-ம் ஓபிஏ858-ம் பெருக்கம் 7-க்குக் கீழே நிலையாக இருக்காது என்று டேட்டாஷீட் எச்சரிக்கிறது. டிரான்ஸ்இம்பீடன்ஸ் சுற்றில் பெருக்கம் ஒன்றுதானே, இவற்றைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம். நிலைத்தன்மைக்குக் கணக்கு இரைச்சல் பெருக்கம். உயர் அதிர்வெண்ணில் அது உள்ளீட்டுக் கெபாசிடன்ஸை ஃபீட்பேக் கெபாசிடன்ஸால் வகுத்து ஒன்று கூட்டியது. 7.5-ஐ 0.39-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 20 என்று வந்துவிடுகிறது. 7 என்ற எல்லையைவிட அது மிக மேலே. ஒன்றின் பெருக்கத்திலும் நிலையாக நிற்கும்படி அடக்கிவைக்கப்பட்ட ஆப்-ஆம்புகள் அந்த நல்லொழுக்கத்துக்கு விலையாக வேகத்தைக் கொடுத்திருக்கின்றன; போட்டோடையோடு சுற்று அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் கவனம் வேண்டும்: பயத்தில் 2 பிக்கோஃபேரட்டை ஃபீட்பேக்கில் போட்டுவிட்டால் இரைச்சல் பெருக்கம் 5-க்கு இறங்கும். நிலைப்படுத்துவதற்காகப் போட்ட கெபாசிட்டரே ஊசலாட்டத்தைக் கிளப்பிவிடும்.

இனி வருவது இந்த விஷயத்தின் மையம். வேகத்தைவிட இரைச்சல்தான் ரிசீவரின் தகுதியைத் தீர்மானிக்கிறது. இதைப் பல ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் எழுதியவர்கள் இருக்கிறார்கள். பர்-பிரவுன் நிறுவனத்தில் ஆப்-ஆம்ப் வடிவமைத்த ஜெரால்ட் கிரேம், 1996-ல் போட்டோடையோடு பெருக்கிகளுக்கென்றே ஒரு முழு நூல் எழுதினார். நேஷனல் செமிகண்டக்டரின் பாப் பீஸ் தன் பத்திரிகைப் பத்தியில் இதை எடுத்துக்கொண்டார். ஒளி-மின்னணுக் கருவிகளைக் கட்டுவதில் பெயர் பெற்ற ஃபில் ஹாப்ஸ் 2001-ல் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையில் கைமாறிக்கொண்டிருக்கிறது.

இரைச்சல் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. ஒளி தரும் மின்னோட்டத்துக்கே உள்ள ஷாட் இரைச்சல் முதலாவது; ஒரு மைக்ரோஆம்பியருக்கு அது ரூட் ஹெர்ட்ஸுக்கு 0.57 பிக்கோஆம்பியர். இதை யாராலும் குறைக்க முடியாது. இரண்டாவது ஃபீட்பேக் ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சல். 10 கிலோஓமுக்கு 1.3 பிக்கோஆம்பியர், 100 கிலோஓமுக்கு 0.4. ரெசிஸ்டர் பெரிதானால் மின்னோட்ட இரைச்சல் குறைகிறது. ஒளி மின்னோட்டம் ரெசிஸ்டரின் மேல் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் இறக்கினால் ஷாட் இரைச்சல் ரெசிஸ்டர் இரைச்சலை மீறிவிடும். அதற்குப் பிறகு ரெசிஸ்டரைப் பெரிதாக்குவதால் லாபம் சொற்பமே.

மூன்றாவதுதான் வேகமான ரிசீவர்களைக் கெடுப்பது. ஆப்-ஆம்பின் உள்ளீட்டில் ஒரு சிறு இரைச்சல் வோல்டேஜ் எப்போதும் இருக்கிறது. டேட்டாஷீட்டில் அது ரூட் ஹெர்ட்ஸுக்கு இத்தனை நானோவோல்ட் என்று இருக்கும். பார்க்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் அந்த வோல்டேஜ் உள்ளீட்டுக் கெபாசிடன்ஸை ஆட்டுகிறது. ஆட்டும்போது அதன் வழியே மின்னோட்டம் ஓடுகிறது. அதிர்வெண் கூடக் கூட அந்த மின்னோட்டம் நேர்விகிதத்தில் கூடுகிறது. ஓபிஏ657-க்கு 4.8 நானோவோல்ட். 7.5 பிக்கோஃபேரட் முனையில், 50 மெகாஹெர்ட்ஸில் அது 11 பிக்கோஆம்பியர் ஆகிவிடுகிறது. ரெசிஸ்டரின் இரைச்சலைப் போல எட்டொன்பது மடங்கு. ஃபெட் உள்ளீடு என்பதால் மின்னோட்ட இரைச்சல் 1.3 ஃபெம்டோஆம்பியர்தான் என்று நம்பி வாங்கியவருக்கு இது பேரிடி. அந்த ஃபெம்டோஆம்பியர் உண்மைதான். ஆனால் 50 மெகாஹெர்ட்ஸில் யாருக்கும் அது பயன்படவில்லை.

பைபோலார் உள்ளீட்டு ஆப்-ஆம்ப் ஒன்றை அதே இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஓபிஏ847-ன் வோல்டேஜ் இரைச்சல் 0.85 நானோவோல்ட் மட்டுமே. மின்னோட்ட இரைச்சல் 2.5 பிக்கோஆம்பியர். புத்தகங்களில் போட்டோடையோடுக்கு ஃபெட்தான் என்று படித்தவர்கள் அந்த 2.5-ஐப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள். எஸ்5973 உடன் முனை 6 பிக்கோஃபேரட் அளவு வரும். 50 மெகாஹெர்ட்ஸில் கெபாசிடன்ஸ் வழி இரைச்சல் 1.6 பிக்கோஆம்பியர். ரெசிஸ்டரையும் சேர்த்து எல்லாம் கூடினாலும் சுமார் 3.2. ஓபிஏ657-ன் 11-க்கு எதிரே இது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பைபோலார் ஜெயித்துவிட்டது.

ஆனால் அதே போட்டியை 1 மெகாஹெர்ட்ஸில், 100 கிலோஓம் ரெசிஸ்டருடன் நடத்தினால் முடிவு தலைகீழ். ஓபிஏ657-க்குக் கெபாசிடன்ஸ் வழி வருவது 0.23 தான்; ரெசிஸ்டரோடு கூடினால் 0.47 பிக்கோஆம்பியர். பைபோலாருக்கு அந்த 2.5 குறையவே குறையாது. ஐந்து மடங்கு மோசம். ஃபெட்டா பைபோலாரா என்பது அதிர்வெண்ணும் கெபாசிடன்ஸும் சேர்ந்து தீர்க்க வேண்டிய வழக்கு. ஃபெட் எப்போதும் சிறந்தது என்று பாடமாகச் சொல்வதை நிறுத்த வேண்டும்.

புதிய தலைமுறை ஃபெட் சிப்புகள் இந்த வழக்கைச் சிக்கலாக்குகின்றன. ஓபிஏ858-க்கு வோல்டேஜ் இரைச்சல் 2.5 நானோவோல்ட். ஆனால் முனை 3 பிக்கோஃபேரட்தான் என்பதால் 50 மெகாஹெர்ட்ஸில் 2.4 பிக்கோஆம்பியர்தான் வருகிறது. ரெசிஸ்டரோடு சேர்ந்து 2.7. பைபோலாரையும் தாண்டிவிட்டது, அதுவும் உள்ளீட்டுக் கசிவு இல்லாமல். அப்படியானால் இதுவே எல்லாவற்றுக்கும் பதிலா? பிபிடபிள்யூ34-ஐ மாட்டிப் பார்த்தால் தெரியும். 26.5 பிக்கோஃபேரட் முனையில், 20 மெகாஹெர்ட்ஸிலேயே 8.3 பிக்கோஆம்பியர் இரைச்சல். அதே இடத்தில் ஓபிஏ847 சுமார் 4 தான் தரும். பெரிய டையோடுக்குக் குறைந்த வோல்டேஜ் இரைச்சல் கொண்ட பைபோலார். சிறிய டையோடுக்குச் சிறிய உள்ளீடு கொண்ட ஃபெட். ஆப்-ஆம்புகளின் பட்டியலை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்த முடிவு கிடைக்காது. டையோடைக் கையில் எடுத்தால்தான் கிடைக்கும்.

பைபோலாருக்கு ஒரு கடனும் உண்டு. ஓபிஏ847-ன் உள்ளீட்டுக்குள் ஓடும் நிலையான மின்னோட்டம் 20 மைக்ரோஆம்பியர் அளவில் இருக்கும். 10 கிலோஓமில் அது 0.2 வோல்ட். துடிப்புகளை மட்டும் பார்க்கும் தூரமானி அடுத்த கட்டத்தை ஒரு கெபாசிட்டர் வழியாக இணைத்து இதைக் கழித்துவிடலாம். நிலையான ஒளியின் அளவையும் சேர்த்து அளக்க வேண்டிய கருவியில் அது முடியாது.

மின்னோட்ட-ஃபீட்பேக் வகை ஆப்-ஆம்புகள் வேகத்தில் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவற்றின் எதிர் உள்ளீட்டில் பத்து, இருபது பிக்கோஆம்பியர் மின்னோட்ட இரைச்சல் சாதாரணம். குறைந்த ஒளியைப் பிடிக்கும் இடத்துக்கு அவை வேண்டாம்.

இவ்வளவு கணக்கும் பலகையில் கரைந்துபோகலாம். நான்கடுக்குப் பலகையில் மேல் செம்புக்கும் அடுத்த தரை அடுக்குக்கும் இடைவெளி 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் செம்பும் 0.19 பிக்கோஃபேரட். இரண்டுக்கு மூன்று மில்லிமீட்டரில் ஒரு சோல்டர் பேட் 1.1 பிக்கோஃபேரட் ஆகிவிடும். 0.8 பிக்கோஃபேரட் என்பதற்காகவே தேடி வாங்கிய ஆப்-ஆம்பின் முன்னால் ஒரு பேட் அதைவிட அதிகம் சேர்த்துவிடுகிறது. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் எதிர் உள்ளீட்டுக்குக் கீழே தரைச் செம்பை வெட்டி எடுக்கிறார்கள். டையோடின் காலை ஆப்-ஆம்பின் காலுக்கு ஓரிரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவருகிறார்கள். ஓபிஏ858, ஏடிஏ4817 போன்ற சிப்புகளில் எதிர் உள்ளீட்டுக்குப் பக்கத்திலேயே ஃபீட்பேக்குக்கென்று தனிக் கால் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருப்பதும் இதற்காகத்தான்; ரெசிஸ்டர் சிப்பைச் சுற்றி வளைந்து போக வேண்டியதில்லை. துளைப் பலகையான பிரெட்போர்டில் அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையிலேயே சில பிக்கோஃபேரட் உண்டு. அதில் இந்தச் சுற்றைக் கட்டிப் பார்த்துவிட்டு ஆப்-ஆம்ப் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

அளக்கும்போது நடக்கும் தவறும் இதே வகை. சுற்று ஊசலாடுகிறதா என்று பார்க்க ஆசிலோஸ்கோப்பின் ப்ரோபை நேராக எதிர் உள்ளீட்டில் வைக்கிறார்கள். சாதாரணப் பத்து மடங்கு ப்ரோபுக்கே 10 பிக்கோஃபேரட்டுக்கு மேல் உண்டு. 3 பிக்கோஃபேரட் முனையில் அதைத் தொட்ட நொடியே வேறொரு சுற்று உருவாகிவிட்டது. தொட வேண்டிய இடம் வெளியீடு மட்டும், அதுவும் ஒரு 50 ஓம் ரெசிஸ்டர் வழியாக. டையோடைக் கறுப்பு டேப் ஒட்டி மூடிவிட்டு, வெளியீட்டின் இரைச்சலை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்ப்பது நல்ல சோதனை. சமமான தரை, மெல்ல ஏறும் சரிவு, பிறகு இறக்கம் என்று வந்தால் சுற்று ஒழுங்காக இருக்கிறது. இறங்குவதற்கு முன் கூர்மையான ஒரு முகடு எழுந்தால் ஃபீட்பேக் கெபாசிட்டர் போதவில்லை.

மிகைச் சுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுவரிலிருந்து சிதறித் திரும்பும் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 100 மீட்டரில் இருக்கும் பொருள் ஒரு மைக்ரோஆம்பியர் தந்தால், அதே பொருள் ஒரு மீட்டரில் 10 மில்லிஆம்பியர் தரும். 10 கிலோஓமில் அது 100 வோல்ட் என்று கணக்கு சொல்லும். சிப் 5 வோல்ட்டில் வாழ்கிறது. முட்டி நின்ற பெருக்கி மீண்டு வரும் நேரத்தில் அடுத்த எதிரொலி தொலைந்துபோகும். மிகைச் சுமையிலிருந்து மீளும் நேரத்தை டேட்டாஷீட்டில் தேடிப் படிப்பதும், டையோடு முனையில் அதிக மின்னோட்டத்தைத் திசைதிருப்பும் பாதுகாப்பு வைப்பதும் தூரமானி கட்டுகிறவரின் கடமை. அந்தப் பாதுகாப்பு டையோடும் ஒரு பிக்கோஃபேரட்டில் பத்தில் சில பங்கைச் சேர்க்கும் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

ஆப்-ஆம்பால் முடியாத இடங்களும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. சென்னைக் கரையில் வந்து ஏறும் கடலடி ஃபைபர் கேபிள்களின் முனையில், நொடிக்குப் பல கிகாபிட் வேகத்தில் வரும் ஒளியைப் பிடிப்பது ஆப்-ஆம்ப் அல்ல; அதற்கென்றே செய்த டிரான்ஸ்இம்பீடன்ஸ் சிப்புகள், டையோடோடு ஒட்டி ஒரே உறையில் இருக்கும். இன்னொரு பக்கம், பெரிய டையோடை விட முடியாதபோது ஹாப்ஸ் முன்வைத்த வழி, டையோடுக்கும் ஆப்-ஆம்புக்கும் நடுவில் ஒரு டிரான்சிஸ்டரை நிறுத்தி டையோடின் கெபாசிடன்ஸை ஆப்-ஆம்பின் கண்ணிலிருந்து மறைப்பது. ஒரே ஓர் அதிர்வெண் மட்டும் வேண்டுமானால் கெபாசிடன்ஸை ஒரு சுருளால் ஒத்ததிர்வில் ரத்து செய்துவிடலாம். ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ, 9 மற்றும் 45 மெகாஹெர்ட்ஸில் மாறும் ஒளியை வாசிக்க இந்த வகைச் சுற்றுகளைத்தான் நம்பியிருக்கிறது. மூன்றிலும் போராட்டம் ஒன்றுதான்: வாசலில் நிற்கும் அந்தப் பிக்கோஃபேரட்டுகளோடு.

கணினியில் சிமுலேஷன் செய்து பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் உற்பத்தியாளர் தரும் மாதிரியில் உள்ளீட்டுக் கெபாசிடன்ஸும் இரைச்சலும் உண்மையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டுத்தான் அதன் வரைபடத்தை நம்ப வேண்டும்.

இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த புராஜெக்டில் போட்டோடையோடு ரிசீவர் கட்டப் போகிறவர்கள், முதலில் டையோடின் டேட்டாஷீட்டை எடுத்து, கொடுக்கப் போகும் வோல்டேஜில் அதன் கெபாசிடன்ஸைக் காகிதத்தில் எழுதுங்கள். அதன் கீழே பலகைக்கு ஒரு பிக்கோஃபேரட் எழுதுங்கள். தேவையான பேண்ட்வித்தையும் ரெசிஸ்டரையும் எழுதுங்கள். பிறகு ஆப்-ஆம்புகளின் டேட்டாஷீட்டில் உள்ளீட்டுக் கெபாசிடன்ஸ், வோல்டேஜ் இரைச்சல், மின்னோட்ட இரைச்சல் ஆகிய மூன்று வரிகளையும் படித்து, உங்கள் பேண்ட்வித்தின் விளிம்பில் எது எத்தனை பிக்கோஆம்பியர் ஆகிறது என்று போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. அதை முடித்த பிறகு ஆர்டர் போடுங்கள்.